ரெண்டு விரல் இடைவெளி

பாத்துட்டீங்க. பரவாயில்ல தம்பி, மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்க வேணாம். பக்கத்து சீட்டுக்காரன் போனை எட்டிப் பாக்குறது என்ன பெரிய குத்தமா, நானுந்தான் விழுப்புரத்துல உங்க போனைப் பாத்தேன். சொட்டைத் தலையில முடி வளக்குற வீடியோ மூணு பாத்தீங்க. நான் ஏதாச்சும் கேட்டேனா, கேக்கலை. அது உங்க தலை.

ஆனா நீங்க பாத்த படத்தைப் பத்தி நான் சொல்லித்தான் ஆகணும். இல்லைன்னா பழனி போய் இறங்குற வரைக்கும் என்னைப் பத்தி என்னென்னமோ நினைச்சுக்கிட்டே வருவீங்க. என்ன தெரிஞ்சுச்சு உங்களுக்கு? கப்பல் பாய்மரத்துல ஒரு ஆம்பளை சட்டை இல்லாம கட்டிக் கிடக்கான். இன்னொரு ஆம்பளை அவனுக்கு முன்னால முட்டி போட்டு உக்காந்து முடிச்சுப் போடுறான். அம்பத்தாறு வயசு மனுசன், நெத்தியில துன்னூறு வேற, இதைப் போயி பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்குறானேன்னு நினைச்சிருப்பீங்க. நான் பெருசு பண்ணிப் பாத்தது கயித்தை. சத்தியமாக் கயித்தைத்தான்.

திருச்சி இப்பத்தான தாண்டியிருக்கு. பொழுது கிடக்கு, கேளுங்க. காலுக்கடியில இருக்குற வாளி என்னோடது, இடிச்சா நகட்டி வைக்கிறேன். அதுக்குள்ள இருக்குறதும் கயிறுதான். நான் ஒட்டன்சத்திரம் போறேன். அங்க ஒருத்தனைப் பாத்துப் பேசணும். எட்டு வருசமா அவன் எங்கிட்டப் பேசலை, நான் அவங்கிட்டப் பேசலை. கதவைத் திறப்பானா, திறந்த கையோட மூஞ்சியில சாத்துவானான்னு தெரியல. அதான் காலையில இருந்து வாய் ஓயமாட்டேங்குது.

என் பேரு அய்யாவு. திண்டுக்கல்லுல சாரம் கட்டுற மேஸ்திரி. கட்டடம் எழும்பும்போது சுத்தி சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கக் கம்பு வச்சு, நார்க்கயித்துல கட்டி ஏறுவோமில்ல, அதான். எங்கிட்ட ஆறு பேரு வேலை பாக்குறாங்க. கூரை வேலைன்னா என்னைத் தெரியாது, சாரமுன்னா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் தெரியும். நான் கட்டின கட்டு இதுவரைக்கும் அவுந்தது இல்ல. ஒண்ணே ஒண்ணு அவுந்துச்சு. அதைப் பெறகு சொல்றேன்.

கல்யாணம் இல்ல. அமையலைன்னு வச்சுக்கங்க. தங்கச்சி பஞ்சவர்ணம் வீட்டுலதான் இருக்கேன். அவ மக கௌசி, இருபத்தாறு வயசு, காலேஜுல நூலகத்துல வேலை. போன வருசம் ஆடி மாசம் என் போன் கலவைத் தொட்டிக்குள்ள விழுந்து செத்துப் போச்சு. கௌசி புதுப் போன் வாங்கிட்டு, மாமா இதை வச்சுக்கங்கன்னு அவ பழைய போனை எங்கிட்டக் குடுத்தா. குடுத்தவ, அதுல இருந்த அவ கணக்கை மூட மறந்துட்டா. அந்தப் படம் வர்ற இடம் இருக்குல்ல, அது அப்படியே திறந்து கிடந்துச்சு.

எனக்கு அது தெரியுமா? போன் கம்பெனிக்காரன் எல்லாருக்கும் அனுப்புற படம்னு நினைச்சேன். பொங்கலுக்குக் காலண்டர் குடுக்குற மாதிரி.

தொட்டா வருது, தொட்டா வருது. எல்லாத்துலயும் அதே ரெண்டு பேரு. ஒருத்தன் கடற்படைத் தளபதி, சித்திரசேனன். இன்னொருத்தன் கடல் கொள்ளைக்காரன், ஆரூரன். கௌசி பாக்குற ஏதோ ஒரு கார்ட்டூன் தொடராம். சின்னப் பிள்ளைக கார்ட்டூன் இல்ல தம்பி, ரெண்டு பேருக்கும் முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒருத்தனுக்குக் காதோரம் நரை. தொடர்ல தளபதி அந்தக் கொள்ளைக்காரனைப் பிடிச்சுக் கட்டிப்போடுறது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு நிமிசம். இவன் அடுத்த நிமிசம் அவுத்துக்கிட்டுக் கடல்ல குதிச்சிருவான். அந்த ஒரு நிமிசத்தை வச்சுக்கிட்டு, தொடரைப் பாக்குற இந்தப் பிள்ளைக நாலாயிரம் படம் வரைஞ்சிருக்கு. நாலாயிரத்துலயும் குதிக்கவே மாட்டேங்குறான்.

பாய்மரத்துல கட்டியிருக்கு. தூணுல கட்டியிருக்கு. நாற்காலியில கட்டியிருக்கு. ஒரு படத்துல ரெண்டு பேரையும் முதுகோட முதுகு சேத்துக் கட்டியிருக்கு, கட்டினவன் யாருன்னே தெரியல. நான் சாப்பாட்டு நேரத்துல சிமெண்டு மூட்டை மேல உக்காந்து பாத்தேன். பாக்கப் பாக்க எனக்குக் கோவம் வந்துச்சு.

பின்ன வராதா? ஒரு கட்டு ஒழுங்கா இருக்கா? கயிறு முன்னால நாலு சுத்து வருது, பின்னால பாத்தா மூணு. நாலாவது எங்க போச்சு, ஆகாசத்துக்கா? முடிச்சு போட வேண்டிய இடத்துல பட்டுப்பாவாடைக்குப் போடுற மாதிரி ஒரு பூ. ஆறடி ஆள், தேக்குக் கட்டை மாதிரி இருக்கான், அவனைக் கட்ட இதா? மூச்சு இழுத்து விட்டா அவுந்துரும்.

என்னால சும்மா இருக்க முடியல. போன்ல எழுத்தைத் தட்டத் தெரியாதுன்னாலும் பேசினா அதுவே எழுதிக்கும்ல. பேசிட்டேன். முதப் படத்துக்குக் கீழ, "இந்தக் கட்டு நிக்காது. ஆள் தும்முனா அவுந்துரும்"னு போட்டேன். அடுத்ததுல, "கயித்தை நனைக்கலை. காஞ்ச நாரு தோலை உரிச்சுரும், பாவம்." இன்னொண்ணுல, "சட்டை ஏன் இல்ல? கடக்காத்து குளிரும், நாரு வேற குத்தும். ஒரு பனியனாவது போட்டுக் கட்டுங்க." ஒரு வாரத்துல நாப்பது அம்பது எழுதியிருப்பேன். அத்தனையும் தொழில் சம்பந்தப்பட்டதுதான் தம்பி.

பதிலு வந்துச்சு பாருங்க. இதயம், நெருப்பு, அழுகுற மூஞ்சி. ஒரு பிள்ளை எழுதுது, "ஆள் தும்முனா அவுந்துரும், ஐயோ, இவ்வளவு மென்மையா இந்த ரெண்டு பேரையும் யாரும் புரிஞ்சுக்கிட்டதே இல்ல"ங்குது. இன்னொண்ணு, "காஞ்ச நாரு தோலை உரிச்சுரும், பாவம்"ங்குறதை எடுத்து, அந்தப் பாவத்துல இருந்தே ஒரு கதை எழுதிருச்சு, பன்னெண்டு அத்தியாயம். அதுல சித்திரசேனன் அத்தியாயத்துக்கு ஒரு தடவை கயித்தை நனைக்கிறான். எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. நம்ம பசங்களுக்கு எத்தனை தடவை சொல்லியும் நனைக்க மாட்டேங்குறாங்க.

பெறகு ஒரு நாள் சாயங்காலம் கௌசி வேலை விட்டு ஓடி வர்றா. மூஞ்சியில ரத்தமில்ல. "மாமா, என் பேர்ல என்ன எழுதித் தொலைச்சிருக்கீங்க?"

"எதுல?"

"எங்க பிரின்சிபால் மேடம் என்னைப் பின்தொடர்றாங்க மாமா."

"எதுக்கு உன் பின்னாலயே வருது அந்தம்மா? கேட்டை நல்லாச் சாத்து."

போனைப் பிடுங்கிப் பாத்தா. பாக்குறா, பாக்குறா. கோவப்படுவான்னு நினைச்சேன். தரையில உக்காந்து சிரிச்சா பாருங்க, பஞ்சவர்ணம் அடுப்பை அணைச்சுட்டு வந்து, யாரு செத்தான்னு கேக்குறா. அம்புட்டுச் சத்தம்.

சிரிச்சு முடிச்சுட்டு கௌசி என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக் கேட்டா. "மாமா, இந்தப் படமெல்லாம் எதுக்கு வரையுறாங்கன்னு தெரியுமா?"

"ஏன் தெரியாம? ரெண்டு பேருக்கும் பகை. பிடிச்சுக் கட்டிப் போட்டிருக்கான்."

"பகையாளி மூஞ்சியா இது? பாருங்க."

பாத்தேன். அதுவரைக்கும் மூஞ்சியை நான் பாக்கவே இல்ல, கேட்டுக்கங்க. கட்டிக் கிடக்குறவன் மூஞ்சியில பயமே இல்ல. கண்ணை லேசா மூடியிருக்கான். பஸ்ஸுல நல்ல சீட்டு கிடைச்சவன் மாதிரி இருக்கான். கட்டுறவன் மூஞ்சிதான் பயந்து கிடக்கு.

நான் ஒண்ணும் மடையன் இல்ல தம்பி. விளங்கிருச்சு. ரெண்டு பேருக்கும் பிரியம். ஆம்பளைக்கு ஆம்பளை மேல. அதைத்தான் இந்தப் பிள்ளைக உக்காந்து உருகி உருகி வரையுது. பொம்பளைப் பிள்ளைகதான் நிறைய, பசங்களும் உண்டு. சரி, அது அவங்க பாடு. பிரியமா இருந்தா மட்டும் முடிச்சு நின்னுருமா? நான் கௌசிகிட்ட அதைத்தான் கேட்டேன். அவ எனக்குன்னு தனியாக் கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தா. பேரு வைக்கச் சொன்னா. நான் "சாரம் அய்யாவு திண்டுக்கல்"னு சொன்னேன். எழுதினது என் மாமான்னு கௌசி போட்டிருந்தா, அதுக்குள்ள அந்தப் பிள்ளைக எனக்குக் கயிறு மாமான்னு பேரு வச்சாச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க தொழில்ல ஒரு முறை உண்டு. எல்லா இடத்துலயும் இருக்கான்னு தெரியாது, எங்க ஆளுககிட்ட உண்டு. ரெண்டு ரெண்டு பேராத்தான் ஏறுவோம். ஒருத்தன் கம்பு பிடிப்பான், ஒருத்தன் கட்டுவான். ஜோடி ஆளுன்னு சொல்லுவோம். உசரம் போனா இடுப்புல ஒரு கயிறு போட்டு அதைக் கம்போட சேத்துக் கட்டணும். அந்தக் கயித்தைத் தனக்குத் தானே போட்டுக்கக் கூடாது. ஜோடி ஆளுதான் போடணும். ஏன்னா முடிச்சு முதுகுப் பக்கம் வரும். தன் முதுகு தனக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா? எவனுக்கும் தெரியாது.

என் ஜோடி ஆளு பேரு செபஸ்தி. பத்தொம்பது வருசம் நாங்க ஒண்ணா ஏறினோம். அவனுக்கும் கல்யாணம் அமையல. ரெண்டு பேரும் பேகம்பூர் பக்கம் ஒரே ரூம்புல இருந்தோம். வாடகை மிச்சமில்ல, அதுக்குத்தான். ஒரே அடுப்பு, கேஸ் மிச்சம். அவன் மீன் குழம்பு வைப்பான், நான் சோறு வடிப்பேன். ஞாயித்துக்கிழமை அவன் கோயிலுக்குப் போனா நான் வெளிய சைக்கிள்ல உக்காந்திருப்பேன். சைக்கிள் திருட்டுப் போயிருமில்ல. எல்லாம் சிக்கனம்தான் தம்பி.

காலையில முத வேலை, வாளித் தண்ணியில கயித்தை ஊறப் போடுறது. ஊறினாத்தான் சொன்னபடி வளையும். பெறகு செபஸ்தி என்னைச் சுத்தி வந்து இடுப்புல போடுவான். ரெண்டு சுத்து. முதுகுல ஒரு முடிச்சு. போட்டுட்டு, கயித்துக்கும் இடுப்புக்கும் நடுவுல ரெண்டு விரலை நுழைச்சுப் பாப்பான். நுழையலைன்னா இறுக்கம், மூச்சு முட்டும். மூணு விரல் நுழைஞ்சா தொளதொளப்பு, உருவிக்கும். ரெண்டு விரல். பாத்துட்டு முதுகுல ரெண்டு தட்டுத் தட்டி, "சரி, போ"ம்பான். பெறகு நான் அவனுக்குப் போடுவேன். பத்தொம்பது வருசம், மழை நாளைக் கழிச்சுக்கங்க, தினமும் இதுதான். ஈரக் கயிறு சில்லுன்னு இருக்கும். விரல் மட்டும் சூடா இருக்கும்.

இது எதுக்குச் சொல்றேன்னா, தொழில் நுணுக்கம்.

இப்பப் படத்துக்கு வாங்க. சுபிக்ஷான்னு ஒரு பிள்ளை. சென்னையில பல்லு டாக்டர், முப்பத்தோரு வயசு. ஆளை நாற்காலியில சாய்ச்சுப் போட்டு அசையாதங்குற வேலை, அதுல இருந்துதான் அவளுக்கு இந்தக் கட்டிப்போடுற ரசனை வந்துச்சோ என்னமோ. வரையுற பிள்ளைகள்ல அவதான் கெட்டிக்காரி. நான் எழுதுறதை எல்லாம் பாத்து முடிச்சைத் திருத்திக்குவா. போன மாசம் ஒரு படம் போட்டா. அதான் நீங்க இப்பப் பாத்தது. இருங்க, திரும்பக் காட்டுறேன், வெக்கப்படாமப் பாருங்க. அந்தத் தளபதியோட கையைப் பாருங்க. முடிச்சுப் போட்டு முடிச்சுட்டான். என்ன பண்றான்? கயித்துக்கும் அவன் இடுப்புக்கும் நடுவுல விரலை விட்டுப் பாக்குறான். எத்தனை விரலு? எண்ணுங்க.

ரெண்டு.

நான் வேலையிடத்துல தூக்குச்சட்டியைத் திறந்தவன், அப்படியே மூடி வச்சுட்டேன். உடனே அந்தப் பிள்ளைக்குப் பேசினேன். "தாயி, இந்த ரெண்டு விரலு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? சாரத்துல ஏறினியா?"

அவ சிரிக்கிறா. "மாமா, இந்தப் படத்துக்கு உயிரே அந்த ரெண்டு விரல்தான். கட்டிப்போடுறதுல ரசிக்க என்ன இருக்குன்னு கேக்குறவங்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன். கட்டுறவனுக்குத்தான் பொறுப்பு அதிகம். வலிக்குதான்னு அவன்தான் பாத்துக்கிட்டே இருக்கணும். கட்டிக்கிட்டவன் அவனை நம்பித்தான உடம்பைக் குடுத்திருக்கான்? அதைவிடப் பிரியம் வேற என்ன இருக்கு?"

நான் உடனே சிக்னல் கிடைக்கலைன்னு சொல்லி வச்சுட்டேன்.

அந்த ஒண்ணே ஒண்ணு அவுந்துச்சுன்னு சொன்னேன்ல, அதைச் சொல்லிர்றேன். எட்டு வருசத்துக்கு முன்னால ஒரு மேல்நிலைத் தண்ணித் தொட்டி வேலை. டீக்கடையில எல்லாரும் நிக்கிறோம். சவுக்குக் கம்பு கொண்டு வர்ற பரமன்னு ஒருத்தன், வாயை வாடகைக்கு விட்டவன், சொல்றான்: "ஊருல எல்லாரும் ஒருக்காத்தான் தாலி கட்டுவான். நம்ம மேஸ்திரிக்குத் தினமும் காலையில செபஸ்தி கட்டுறான். அதுக்கும் முன்னால மஞ்சத் தண்ணியில நனைச்சு."

கடையே சிரிச்சுச்சு. செபஸ்தியும் சிரிச்சான். அவன் சிரிச்சதுதான் எனக்குத் தாங்கலை. கோவமாச் சிரிக்கலை, அசட்டுத்தனமாவும் சிரிக்கலை. ஏதோ நல்ல சேதி கேட்ட மாதிரி டீக்குள்ள பாத்துச் சிரிச்சான். என் காதெல்லாம் எரிஞ்சுச்சு.

மறுநாள் காலையில அவன் வாளியில இருந்து கயித்தை எடுத்துப் பிழிஞ்சுக்கிட்டு வர்றான். நான் அதுக்குள்ள காஞ்ச கயிறு ஒண்ணை எடுத்து நானே இடுப்புல போட்டுக்கிட்டேன்.

நின்னான். "நீயே போட்டுட்டியா?"ன்னான்.

"எனக்கென்ன கை இல்லையா?"ன்னேன்.

அம்புட்டுத்தான் தம்பி. அவன் கையில இருந்த கயித்தை மடிச்சு வாளி விளிம்புல தொங்கப் போட்டான். தண்ணி சொட்டுது. கேட்டுக்கு வெளிய போனான். நான் பசங்க பாக்குறாங்களேன்னு விசிலடிச்சுக்கிட்டே ஏறினேன். பதினோரு மணிக்கு முதுகுல முடிச்சு உருவிக்கிச்சு. கால் வழுக்கி, நல்ல காலம் குறுக்குக் கம்பு கக்கத்துல மாட்டுச்சு. இந்தா பாருங்க தழும்பு. கீழ தரை கிடந்துச்சு, கம்பியும் செங்கலுமா. அப்பவும் நான் "செபஸ்தி"ன்னுதான் கத்தியிருக்கேன். பசங்க பெறகு சொன்னாங்க. எனக்கு ஞாபகமில்ல.

சாயங்காலம் ரூம்புக்குப் போனா அவன் பெட்டி இல்ல. மீன் சட்டியைக் கழுவிக் கவுத்து வச்சுட்டுப் போயிருக்கான். நானும் ரோசக்காரன். போனா போறான்னு விட்டேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுல முருங்கைக்காய்க் கட்டுக் கட்டுறான்னு சொன்னாங்க. தொட்டி உச்சியில நின்னவன் முருங்கைக்காயைக் கட்டுறான். யோசிச்சுப் பாருங்க, எம்புட்டு ரோசம் இருக்கும் அவனுக்கு. ஒரு வார்த்தைக்கு.

விழுந்ததை நான் அவனுக்குச் சொல்லி விடலை. ஏன்னா சொன்னா வந்திருப்பான்.

சரி. நேத்துக்கு வருவோம். சென்னையில அந்தப் பிள்ளைக எல்லாம் கூடுறாங்க, வருசா வருசம் ஒருக்கா. வடபழனி பக்கம் ஒரு மண்டபத்து மாடி. கயிறு மாமா வந்தே ஆகணும்னு சுபிக்ஷா ஒத்தக் கால்ல நின்னா. கௌசி துணைக்கு வர்றேன்னா, பெறகு பிரின்சிபால் மேடமும் வருதுன்னு தெரிஞ்சு வரலைன்னுட்டா. நான் வாளியில கயித்தை ஊறப்போட்டு மூடி போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். ஒரு அம்பது பேர் இருப்பாங்க. செவுரெல்லாம் படம், படமெல்லாம் கயிறு. எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க தம்பி. தொட்டி கட்டி முடிச்சப்ப கூட எனக்கு யாரும் தட்டலை. திறப்பு விழாவுல என்னைச் சேர் தூக்கச் சொன்னாங்க.

மேடையில ஏத்தி, கட்டிக் காட்டுங்கன்னாங்க. பொம்பளைப் பிள்ளைகளை நான் கட்ட மாட்டேன், ஒரு பையன் வாங்கன்னேன். பேங்குல வேலை பாக்குற ஒரு பையன் வந்தான், உங்க வயசு இருக்கும், உங்களை விட முடி இருந்துச்சு. ரெண்டு சுத்து போட்டேன், முடிச்சு, ரெண்டு விரல் விட்டுப் பாத்தேன், முதுகுல தட்டினேன். "சரி, போ"ன்னேன். பிரின்சிபால் மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைக்குது.

அந்தப் பையன் சும்மா இருக்காம, "இப்ப உங்களுக்கு நான் போடுறேன் மாமா"ன்னான். சரின்னு நின்னேன். ஈரக் கயிறு இடுப்புல பட்டுச்சு. எட்டு வருசம் கழிச்சு. பெல்ட்டு, கொக்கின்னு வந்த பெறகு நான் கயிறு போட்டுக்கிறதே இல்ல. ரெண்டு சுத்து சரியாச் சுத்தினான். முடிச்சும் பரவாயில்ல. நான் நிக்கிறேன். காத்துக்கிட்டு நிக்கிறேன். அவன் கையை எடுத்துட்டு, "முடிஞ்சுது மாமா"ங்குறான்.

விரல் வைக்கலை.

அழுதுட்டேன் தம்பி. அம்பது பேரு முன்னால, வாளி பக்கத்துல நின்னு. எல்லாரும் பதறிட்டாங்க, இறுக்கமா, வலிக்குதான்னு. நான் சொன்னேன், கட்டு தப்பு, தப்பான கட்டைப் பாத்தா எனக்குத் தாங்காதுன்னு. நம்பிட்டாங்க. சுபிக்ஷா நம்பலை. என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுத்து, "யாரு மாமா?"ன்னு கேட்டா. பல்லு டாக்டருல்ல, எங்க சொத்தைன்னு பாத்த உடனே தெரிஞ்சுருது. எல்லாத்தையும் சொன்னேன்.

கேட்டுட்டு அங்கயே உக்காந்து ஒரு படம் வரைஞ்சா. இந்தக் குழாய்க்குள்ள இருக்கு, இருங்க எடுக்குறேன். மடங்கிரும், ஓரத்தைப் பிடிங்க. பாத்தீங்களா. சாரம். ரெண்டு ஆளு. தொப்பையெல்லாம் அப்படியே வச்சுட்டா, கேட்டதுக்கு உள்ளதைத்தான் வரைவேன்னுட்டா. நல்லவேளை சட்டை போட்டு விட்டிருக்கா. கட்டிக்கிட்டு நிக்கிறது நான். பின்னால போடுறது அவன். "அவரை நீங்க கட்டுற மாதிரி வரையட்டுமா?"ன்னு முதல்ல கேட்டா. வேணாம் தாயி, நாந்தான் நிக்கணும், அவன் போடட்டும்னேன்.

முடிச்சைப் பாருங்க. உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தப்பு. நுனி மேல வந்திருக்கு, கீழ போகணும். இத்தனை மாசம் சொல்லிக் குடுத்தும் அவசரத்துல தப்பாப் போட்டுட்டா. அவளே பாத்துட்டு, "ஐயோ மாமா, திருத்திர்றேன்"னா. நான் கையைப் பிடிச்சுட்டேன். வேணாம், அப்படியே இருக்கட்டும்னேன்.

ஏன்னு கேளுங்க. தப்பான முடிச்சைப் பாத்தா செபஸ்தியால சும்மா இருக்க முடியாது. என்னை மாதிரித்தான் அவனும், என்னை விட மோசம். கதவைச் சாத்தலாம், மூஞ்சியைத் திருப்பலாம். ஆனா இந்தப் படத்தை அவன் முன்னால விரிச்சுட்டேன்னு வைங்க, "எவன்டா இதைப் போட்டது, நுனி மேல வரலாமா?"ன்னு கேட்டுத்தான் ஆகணும். கேட்டுட்டா பேசினதாத்தான அர்த்தம்? பெறகு எப்படிப் போடணும்னு நான் கேப்பேன். எனக்கு மறந்து போச்சு, போட்டுக் காட்டுன்னு வாளியைத் திறந்து வச்சுட்டுத் திரும்பி நின்னுக்குவேன். முதுகைக் காட்டிக்கிட்டு. அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல தம்பி. முதுகுக்குப் பின்னால அவன் நின்னா எதையும் சொல்லிருவேன். அன்னைக்கு விழுந்தேன்னு சொல்லுவேன். நீ டீக்குள்ள பாத்துச் சிரிச்சது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான் பயந்துட்டேன்னும் சொல்லுவேன்.

என்ன? திண்டுக்கல்லா? வந்துருச்சா அதுக்குள்ள? ஆமா, இதான் எங்க ஊரு. இல்ல, நான் இறங்கலை. டிக்கெட் ஒட்டன்சத்திரத்துக்குத்தான் எடுத்திருக்கேன், பேச்சு மாற மாட்டேன். நீங்க எதுக்குக் கண்ணைத் துடைக்கிறீங்க, நான் கயித்தைப் பத்தித்தான பேசினேன்.

ஒரு உதவி பண்ணுங்க. நான் குழாய்க்குள்ள படத்தைச் சுருட்டி வைக்கிறேன், குனிய முடியல. அந்த வாளி மூடியைத் திறந்து கயித்தைத் தொட்டுப் பாருங்க. வெயில் அடிச்சுக்கிட்டே வந்துச்சு. ஈரம் இருக்கா? நல்லாத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. கொஞ்சம் காஞ்சிருந்தாக் கூட உங்க பாட்டில் தண்ணியை அதுல ஊத்திருங்க. காஞ்ச கயித்தோட அவன் முன்னால போயி நான் இன்னொரு தடவை நிக்க மாட்டேன்.